சுருட்டை முடி: கழுவும் முறை, வாங்கும் முறை, தைத்துக்கொள்ள ஒரு சாட்டின் தொப்பி

சுருட்டை முடி உடைவதில் இரண்டு காரணங்களுக்கே பெரும்பங்கு: வறட்சி, உராய்வு. ஷாம்பூ தேர்வு முதல் இரவில் தலையை எதன்மேல் வைத்துத் தூங்குகிறீர்கள் என்பது வரை எல்லாவற்றையும் இந்த இரண்டையும் மனதில் வைத்து முடிவுசெய்தால் செலவும் குறையும், முடியும் நீளும்.

உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் தடையின்றி நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது இறங்கத் திணறும். அதனால் வேர்ப்பகுதி பிசுபிசுப்பாக இருக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கும். அதோடு, முடியின் மேற்புறச் செதில்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. முடி வளைகிற இடங்களில் இவை எளிதில் தூக்கிக்கொள்ளும். துணியும் சீப்பும் பக்கத்து முடியும் அங்கேதான் மாட்டி இழுக்கின்றன.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. 'என் முடி வளரவே மாட்டேன் என்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்கு வேரில் வளர்கிற அளவுக்கு நுனியில் உடைந்துபோகிறது. இதை எளிதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் சிறிய வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது இயல்பு. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள்தாம் உடைந்தவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. வேரோடு உதிர்வது திடீரென்று கூடினாலோ, வட்டமாகத் தோல் தெரிந்தாலோ, உச்சந்தலையில் வலியோ புண்ணோ இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். எந்தப் பாட்டிலும் அதற்கு மருந்தாகாது.

முடியின் இயல்பைத் தெரிந்துகொள்ள

2ஏ, 3பி, 4சி என்று எண்ணும் எழுத்துமாக முடியை வகைப்படுத்தும் பட்டியலைப் பலர் பார்த்திருப்பீர்கள். உங்கள் சுருளை ஒத்த ஒருவரின் படத்தைத் தேட அது உதவும். பொருள் வாங்க அதைவிட மூன்று கேள்விகள் பயன்படும்: ஒற்றை முடி எவ்வளவு தடிமன்? தலையில் எவ்வளவு அடர்த்தி? முடி தண்ணீரை எப்படி வாங்கிக்கொள்கிறது?

தடிமனுக்கு, ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய முடி. ஷியா வெண்ணெய் போன்ற கனமானவற்றைப் பூசினால் அது தொங்கிப் படிந்துவிடும். நன்றாகத் தட்டுப்பட்டால் தடித்த முடி. கனமான க்ரீமையும் தாங்கும்.

தண்ணீர் வாங்கும் தன்மையைச் சோதிக்க, முடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். முடியில் துளி எண்ணெய் இருந்தாலும் மிதக்கும். நீரின் மேற்பரப்பு இழுவிசையே மெல்லிய முடியைத் தாங்கிவிடும். மாறாக, கழுவிக் காய்ந்த, எதுவும் பூசாத முடியில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக மேலேயே நின்றால் நீரைச் சுலபத்தில் வாங்காத முடி. உடனே இருண்டு நனைந்தால் சட்டென்று வாங்கும் முடி. அது விரைவாகவே விட்டும்விடும். ப்ளீச் செய்த முடி, சாயமிட்ட முடி, அடிக்கடி இஸ்திரிக் கருவி பட்ட முடி ஆகியவை பெரும்பாலும் இரண்டாவது வகை. வேர்ப்பக்கம் ஒருவிதமாகவும் நுனி வேறுவிதமாகவும் இருப்பதும் சகஜம்தான், நுனிக்கு வயது அதிகம்.

கழுவுவது

வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போதும். உச்சந்தலை அரித்தாலோ செதில் உதிர்ந்தாலோ கூடுதலாகக் கழுவலாம். ஷாம்பூவையே விட்டுவிட்டு கண்டிஷனரால் மட்டும் கழுவும் முறை சிலருக்குச் சில வாரங்கள் அருமையாக இருக்கும். பிறகு எண்ணெயும் பூச்சும் சேர்ந்து முடி மெழுகு தடவியதுபோல் ஆகிவிடும். அப்படிச் செய்பவர்களும் மூன்று நான்கு கழுவலுக்கு ஒருமுறையாவது ஷாம்பூ போடுவது நல்லது.

கழுவுவதற்கு முன் எண்ணெய் தடவுவதில் உண்மையான பயன் உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் நுழைய ஏற்ற அமைப்பு கொண்டது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. தோள்வரை உள்ள முடிக்கு 1 முதல் 2 டீஸ்பூன் போதும். அதில் பாதிக்கு மேல் நுனிப்பகுதிக்கே போகட்டும். அரை மணி நேரம் ஊறினாலே சரி. பொடுகுத் தொல்லை உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊறவிடக் கூடாது, பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பைத் தின்றே வாழ்கிறது.

முடியை நான்காகப் பிரித்துக் கிளிப் மாட்டுங்கள். மிகவும் அடர்த்தி என்றால் எட்டாக. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் முழுக்க நனைய விடுங்கள். அடர்ந்த சுருளில் மேலே ஓடும் தண்ணீர் உள்ளே இறங்காமலே போய்விடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. ஷாம்பூ 10 முதல் 15 மி.லி. எடுத்து அதே அளவு தண்ணீர் கலந்து, உச்சந்தலைக்கு மட்டும், நகம் படாமல் விரல் நுனியால் தேயுங்கள். முடியின் நீளத்தைத் தேய்க்கவே வேண்டாம். அலசும்போது வழியும் நுரையே அதற்குப் போதும். முடியை உச்சியில் குவித்துப் பிசைவதுதான் பாதிச் சிக்குக்குக் காரணம்.

அடுத்தது கண்டிஷனர். கஞ்சத்தனம் கூடாத இடம் இது. தோள்வரை நீண்ட அடர்த்தியான முடிக்கு 30 முதல் 40 மி.லி. வரை வேண்டியிருக்கும். காது மட்டத்துக்குக் கீழே பூசி, முடி கையில் வழுக்கும்வரை தண்ணீர் தெளித்துக்கொண்டே வாருங்கள். அந்த வழுக்கல் வந்த பிறகுதான் சிக்கெடுக்க வேண்டும். முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால். நுனியில் 5 செ.மீ. முடித்துவிட்டு அதற்கு மேல் 5 செ.மீ. என்று வேரை நோக்கி ஏறுங்கள். முடிச்சுக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவை வேருக்குப் போகாது. வேரிலிருந்து கீழே சீவினால் வழியிலுள்ள சின்னச் சிக்குகள் எல்லாம் நுனியில் ஒரே முடிச்சாகத் திரண்டு, கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பூசி முடித்ததும் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசலாம். ஒரு மணி நேரம் வைத்திருப்பதால் பலன் அதற்கேற்பப் பெருகாது.

அலசியதும், தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே, அலசாமல் விடும் க்ரீமையும் அதன்மேல் ஜெல்லையும் பூசுங்கள். ஈரத்தில் முடிகள் கற்றை கற்றையாக ஒட்டியிருக்கும். அந்த நிலையிலேயே ஜெல் உறைந்தால்தான் சுருள் வடிவாக வரும். பிறகு நுனியை உள்ளங்கையில் ஏந்தி, உச்சந்தலை நோக்கிக் கசக்கி விடுங்கள். துவட்ட, டர்க்கி டவல் வேண்டாம். அதன் நூல்வளையங்கள் முடியை இழுக்கும். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் அழுத்தி ஒற்றி எடுங்கள். அதன்பின் முழுக்கக் காயும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்ததும் முடி விறைப்பாக, மொறமொறவென்று இருக்கும். அது ஜெல்லின் ஓடு, கோளாறு இல்லை. உள்ளங்கையில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் தேய்த்து முடியைக் கசக்கினால் ஓடு உடைந்து சுருள் மென்மையாகிவிடும்.

எங்கே தவறு நேர்கிறது? காய்ந்தபின் வெள்ளைத் துகள் உதிர்ந்தால், க்ரீமும் ஜெல்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வாங்கிய அன்றே இரண்டிலும் சிறிது உள்ளங்கையில் கலந்து பாருங்கள். திரிதிரியாகப் பிரிந்தால் தலையிலும் அதுதான் நடக்கும். முடி பறந்து பரட்டையாக நின்றால் பெரும்பாலும் காயும்போது தொட்டிருப்பீர்கள், அல்லது முடி பாதி காய்ந்தபின் ஜெல் போட்டிருப்பீர்கள். சுருள் தளர்ந்து எண்ணெய் வழிந்தால் பொருள் கனம், அல்லது அளவு அதிகம். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் முடி ஊதிப் பிசுபிசுத்தால் கிளிசரின் மிகுந்த பொருளைச் சந்தேகியுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்.

முடி வைக்கோலாக விறைத்து, இழுத்தால் நீளாமல் பட்டென்று அறுந்தால், புரதம் சேர்ந்த பொருள்களை அடிக்கடி போட்டிருக்கலாம். நனைந்த ஒற்றை முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல முடி அதன் நீளத்தில் கால்வாசிக்கு மேல் நீண்டு, விட்டதும் சுருங்கும். நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் அறுந்தால் அது சிதைந்த முடி. புரதப் பூச்சு அதற்குக் கொஞ்சம் பிடிமானம் தரும்.

எதைப் போட்டாலும் முடி கரடாகவே இருக்கிறது, ஷாம்பூ நுரைக்க மறுக்கிறது என்றால் தண்ணீரைக் கவனியுங்கள். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிகின்றன. ஈடிடிஏ அல்லது பைட்டிக் அமிலம் சேர்ந்த, கனிமப் படிவை நீக்கும் ஷாம்பூவை மாதம் ஒருமுறை போட்டால் வித்தியாசம் முதல் கழுவலிலேயே தெரியும்.

சமையல் சோடாவாலும் எலுமிச்சைச் சாற்றாலும் தலை கழுவும் யோசனைகள் வலம்வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தோலின் அமில-கார அளவு (பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 4.5 முதல் 5.5 வரை. சமையல் சோடாக் கரைசல் 8க்கு மேல். முடிச் செதில்கள் அதில் உப்பித் திறந்துகொள்ளும். எலுமிச்சைச் சாறோ 2 முதல் 3க்குள். தோல் எரியும், வெயில் பட்டால் தழும்பும் விழலாம்.

ஆளி விதை ஜெல்

கடையில் வாங்கும் ஜெல்லுக்கு ஈடாக வீட்டில் செய்யத் தக்கது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். கால் கப் முழு ஆளி விதை (சுமார் 40 கிராம்), 2 கப் தண்ணீர் (சுமார் 500 மி.லி.). பொடித்த விதை கூடாது, வடிகட்டவே முடியாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, விதை அடியில் பிடிக்காமல் கிளறிக்கொண்டே 7 முதல் 10 நிமிடம் வையுங்கள். கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுபட வேண்டும். அந்தப் பதத்தில் உடனே இறக்கி, சூடு ஆறுவதற்குள் வடிகட்டுங்கள். ஆற ஆற கெட்டிப்படும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது சற்று நீர்த்திருப்பதே சரி. கெட்டியாகும்வரை காய்ச்சியவர்களுக்கு விதையும் ஜெல்லும் ஒரே கட்டியாகிவிடும். அப்படி ஆனால் அரை கப் வெந்நீர் சேர்த்து மறுபடி சூடாக்குங்கள். வடிகட்டச் சுத்தமான பழைய நைலான் காலுறை மிக வசதி. கையுறை போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பிழிந்தால் விதை உள்ளேயே தங்கிவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது இரண்டு மூன்று கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறினால், நாற்றம் வந்தால், நீர் பிரிந்தால் எறிந்துவிடுங்கள். வைட்டமின் ஈ எண்ணெயும் நறுமண எண்ணெயும் கலந்தால் கெடாது என்பது தவறான நம்பிக்கை. வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். கிருமி வளர்வதைத் தடுக்காது. தண்ணீர் கலந்த எந்த வீட்டுத் தயாரிப்புக்கும் இது பொருந்தும்.

வாங்கும் முன்

தொடங்குவதற்கு மூன்று பொருள் போதும்: ஒரு மென்மையான ஷாம்பூ, வழுக்கல் நன்றாக உள்ள ஒரு கண்டிஷனர், ஒரு ஜெல். நான்காவது பொருளை வாங்கத் தோன்றினால், இந்த மூன்றும் செய்யாத எந்த வேலையை அது செய்யப்போகிறது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் வாங்க வேண்டாம். புதிதாக எதை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கைந்து கழுவல் வரை பாருங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. சிறிய அளவு கிடைத்தால் அதையே முதலில் வாங்குங்கள். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் கவனித்த பிறகு தலைக்குப் போடுங்கள்.

பாட்டிலின் முன்பக்கம் விளம்பரத்துக்கானது. 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டப்படியான வரையறையே கிடையாது. 'ஒவ்வாமை தராது', 'தோல் மருத்துவர் சோதித்தது' என்பவற்றுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. பின்பக்கத்தைப் படியுங்கள்.

சேர்மானப் பட்டியல் பெரும்பாலான நாடுகளில் எடை வரிசையில், அதிகத்திலிருந்து குறைவாக இருக்கும். 1 சதவீதத்துக்குக் கீழ் வருபவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பே 1 சதவீதம். ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் படம்போட்டுக் காட்டிய அரிய எண்ணெய், பட்டியலில் ஃபினாக்ஸிஎத்தனாலுக்குப் பின் நின்றால் அந்த எண்ணெய்க்காக விலை கொடுக்காதீர்கள்.

ஷாம்பூவில் தண்ணீருக்கு அடுத்து வரும் பெயர்களைப் பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் நன்றாக அழுக்கெடுக்கும். வறண்ட சுருட்டைக்கு வாராவாரம் அது கடுமை. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகமிடோப்ரொபைல் பீட்டெய்ன் ஆகியவை மென்மையானவை. பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்களும் உண்டு. பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட் என்ற பெயரில் 'சல்ஃபேட்' இருக்கிறதே என்று நல்ல கண்டிஷனரை ஒதுக்கிவிடுகிறார்கள். அது சிக்கெடுக்க உதவும் பொருள், அழுக்கெடுக்கும் சல்ஃபேட் வகை கிடையாது. ஆல்கஹாலும் அப்படியே. சீட்டைல், சீட்டியரில், ஸ்டியரில் என்று தொடங்கும் ஆல்கஹால்கள் மெழுகு போன்ற கொழுப்பு வகை; முடிக்கு மென்மை தருபவை. ஆல்கஹால் டீனேச்சர்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஆகியவை பட்டியலின் தொடக்கத்தில் வந்தால்தான் வறட்சி.

சிலிக்கோன்களைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முடிமேல் வழுவழுப்பான படலம் போட்டு உராய்வைக் குறைக்கிறது. இது சுருட்டை முடிக்கு நன்மையே. மிகவும் மென்மையான ஷாம்பூவை மட்டுமே பயன்படுத்துபவர்களுக்கு அது நாளடைவில் படியலாம். அவ்வப்போது சற்று வலுவான ஷாம்பூவால் கழுவினால் போய்விடும்.

முடியை நேராக்கும் மருந்துகளில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சூட்டுக் கருவி பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். கண், மூச்சுக்குழல் எரிச்சல் உடனே தெரியும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. 'கெரட்டின்' என்ற பெயரில் விற்கப்படும் பூச்சு என்றாலும் முழுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காட்ட மறுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

திறந்த டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்றிருக்கும் குறி, திறந்தபின் எத்தனை மாதம் வைக்கலாம் என்பதைச் சொல்கிறது. திறந்த தேதியை அடியில் எழுதி ஒட்டிவையுங்கள். விலையை ஒப்பிடும்போது பாட்டிலின் விலையை விட்டு, 100 மி.லி.க்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அதிலும், ஒரு கழுவலுக்கு 40 மி.லி. தேவைப்படும் மலிவு கண்டிஷனரும் 15 மி.லி. போதும் என்கிற விலை கூடிய கண்டிஷனரும் முடிவில் ஒரே செலவாகலாம்.

சாட்டின் தொப்பி தைப்பது

ஏழெட்டு மணி நேரம் பருத்தித் தலையணை உறையில் புரளும்போது முடி படும் உராய்வை எந்தக் க்ரீமும் முழுதாக ஈடுகட்டாது. உள்பக்கம் சாட்டின் வைத்த தொப்பி அந்த உராய்வைப் பெருமளவு குறைத்துவிடும். கடையில் கிடைக்கும் பலவற்றில் எலாஸ்டிக் நெற்றியைக் கவ்வும், இல்லையென்றால் நள்ளிரவில் கழன்று விழும். தைத்துக்கொண்டால் உங்கள் தலைக்கு அளவாக வரும். சாட்டின் என்பது நெசவு முறையின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. முடிக்கு இரண்டும் வழுக்கும். பட்டில் வேர்வை குறைவு, பாலியெஸ்டரைத் துவைப்பது எளிது. முதல் தொப்பிக்குப் பாலியெஸ்டரே போதும்.

வெளிப்புறத்துக்கு மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். இரு பக்கமும் சாட்டின் என்றால் தலையணையில் வழுக்கித் தொப்பி கழன்றுவிடும். பருத்தியை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டு விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் துவைப்பில் வெளித்துணி மட்டும் சுருங்கித் தையல் எங்கும் கோணும். அடர்நிறச் சாட்டினை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள்.

வேண்டியவை: 60 செ.மீ. சதுரச் சாட்டின், அதே அளவு பருத்தி, 1.5 செ.மீ. அகல எலாஸ்டிக், பாலியெஸ்டர் நூல், 70ஆம் எண் புது ஊசி. தேய்ந்த ஊசி சாட்டினில் நூலிழுத்துக் கோடு போட்டுவிடும்.

செய்தித்தாளில் 29 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து வெட்டுங்கள். ஒரு நூலின் நுனியில் பென்சிலைக் கட்டி, மறுநுனியை நடுவில் அழுத்திப் பிடித்துச் சுற்றினால் போதும். துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெட்ட வேண்டாம். சாட்டின் நழுவி வட்டம் முட்டையாகிவிடும். சாட்டினுக்கு அடியில் ஒரு பருத்தி விரிப்பைப் போட்டால் நகராது. குண்டூசியை விளிம்பிலிருந்து 1 செ.மீ.க்குள் மட்டுமே குத்துங்கள், உள்ளே குத்தினால் துளை தெரியும்.

இரண்டு வட்டங்களின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளிச் சுற்றித் தையுங்கள். தையலின் நீளம் 2.5 மி.மீ. இருக்கட்டும். 6 செ.மீ. திறப்பு விட்டு, அதன் இரு முனைகளிலும் பின்தையல் போடுங்கள். இயந்திரம் துணியை உள்ளே இழுத்துக்கொண்டால் அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். கையால் தைப்பவர்கள் 3 மி.மீ. பின்தையலாகப் போடலாம். திறப்புள்ள இடம் தவிர மற்ற இடங்களில் விளிம்புத் துணியை 5 மி.மீ. ஆக ஒட்ட வெட்டுங்கள். திறப்பு வழியே புரட்டி, பருத்திப் பக்கத்திலிருந்து குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். இப்போது விட்டம் 56 செ.மீ. இருக்கும்.

விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே சுற்றிலும் குறித்து, அந்தக் கோட்டில் இன்னொரு வட்டத் தையல் போடுங்கள். விளிம்புக்கும் இதற்கும் நடுவேதான் எலாஸ்டிக் ஓடும்.

எலாஸ்டிக் அளவில்தான் தொப்பி நிற்பதும் கெடுவதும். நெற்றி முடியோரத்தில் தொடங்கி, காதுகளுக்கு மேலாகப் போய், பிடரியைச் சுற்றி அளக்கவும். அதில் 5 செ.மீ. குறைத்து, ஒட்டுக்காக 2 செ.மீ. சேருங்கள். சுற்றளவு 56 என்றால் வெட்டுவது 53. ஒரு முனையில் ஊக்கு மாட்டித் திறப்பின் வழியே உள்ளே செலுத்துங்கள். மறுமுனையைத் துணியோடு குத்திவைக்காவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். சுற்றி வந்ததும் முறுக்கு விழாமல் பார்த்து, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊக்கால் மட்டும் இணைத்து ஒரு மணி நேரம் அணிந்து பாருங்கள். நெற்றியில் கோடு பதிந்தால் 1 அல்லது 2 செ.மீ. தளர்த்துங்கள். தலையை ஆட்டியதும் நகர்ந்தால் 1 செ.மீ. இறுக்குங்கள். இதை விட்டுவிட்டு உடனே தைக்காதீர்கள். இறுக்கமான தொப்பி, இறுக்கப் பின்னிய பின்னலைப் போலவே, நெற்றியோர மெல்லிய முடியை உடைக்கும். அளவு சரியானதும் எலாஸ்டிக் முனைகளைக் கோணல்மாணல் தையலால் இணைத்து, இழுத்து இழுத்து விட்டுச் சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, திறப்பின் விளிம்பை உள்ளே மடித்து 2 மி.மீ. ஓரத்தில் தைத்து மூடுங்கள்.

இடுப்புவரை பின்னல் உள்ளவர்களுக்கு இந்த வட்டம் போதாது. ஆரத்தை 35 செ.மீ. ஆக்குங்கள், துணியும் 72 செ.மீ. சதுரமாக வேண்டும். எலாஸ்டிக் அளவு மாறாது.

சுருளைக் காக்க, தூங்குமுன் முடியை உச்சியில் தளர்வாகச் சேர்த்து, அதன்மேல் தொப்பியை முன்னிருந்து பின்னாக அணியுங்கள். முடி ஈரமாக இருக்கும்போது அணியக் கூடாது, உள்ளே காற்றில்லாமல் உச்சந்தலை நசநசக்கும். வாரம் ஒருமுறை குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயவையுங்கள். எண்ணெய் ஏறிய தொப்பியால் நெற்றியில் பருக்கள் வரும்.

மீதித் துணியில் ஸ்க்ரஞ்சி (துணி சுற்றிய எலாஸ்டிக் முடிக்கட்டு)

150 செ.மீ. அகலச் சாட்டினை 65 செ.மீ. வாங்கினால் இரண்டு தொப்பிக்கு உள்துணி வெட்டியபின் 30 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அதில் 55க்கு 11 செ.மீ. பட்டைகள் இரண்டு வரும். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் மடித்து, 1 செ.மீ. விட்டுத் தைத்து, ஊக்கு மாட்டிப் புரட்டுங்கள். 6 மி.மீ. எலாஸ்டிக் 20 செ.மீ. கோர்த்து முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். முடிச்சுப் போட்டால் முடியில் உறுத்தும். அடர்த்தியான முடிக்கு 22 அல்லது 24 செ.மீ. வேண்டும். துணிக்குழலின் ஒரு முனையை 1 செ.மீ. உள்ளே மடித்து, மறுமுனையை அதற்குள் நுழைத்துக் குறுக்கே ஒரு தையல் போடுங்கள். மூன்று சுற்றுச் சுற்றியும் நெற்றி இழுபடுவது போலிருந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள். இரண்டே சுற்றில் இறுகினால் எலாஸ்டிக்கைப் பிரித்து 2 செ.மீ. கூட்டித் தையுங்கள்.